இரண்டரை ரூபாய் முதலீடு

ஹைதராபாதில் ஒரு பட்டதாரிகள் சங்கம் 1938இல் தொடங்கிய கண்காட்சிக்கு இன்றும் பல லட்சம் பேர் வருகிறார்கள். லாபம் கல்லூரிகளுக்குப் போகிறது. ஊருக்கு ஊர் விழா எடுக்கும் சங்கங்கள் இங்கே பார்க்க வேண்டியது நிறைய இருக்கிறது, 2019இல் நடந்த தீ விபத்தையும் சேர்த்து.

ஜனவரி மாத மாலை. ஹைதராபாதின் நாம்பள்ளிப் பகுதியில் வாகனங்கள் நகர மறுக்கின்றன. மெட்ரோ நிலையப் படிகளில் கூட்டம் வழிகிறது. பர்தா அணிந்த பெண்கள், கல்லூரி மாணவர்கள், இடுப்பில் குழந்தையுடன் கிராமத்துத் தம்பதிகள், செகந்திராபாதிலிருந்து வந்திருக்கும் தமிழ்க் குடும்பங்கள். எல்லோருக்கும் போகும் இடம் ஒன்றுதான். அஜந்தா கேட் வழியாகவோ காந்தி பவன் கேட் வழியாகவோ உள்ளே நுழைந்துவிட்டால் காஷ்மீர் சால்வை, லக்னோ சிக்கன் துணி, உலர்ந்த பழங்கள், மிளகாய் பஜ்ஜி, ராட்டினம், குழந்தைகளுக்கான குட்டி ரயில். சிறைத்துறையின் கடையில் கைதிகள் தயாரித்த பொருட்கள் விற்பனையாகின்றன.

அகில இந்தியத் தொழிற் கண்காட்சி என்பது இதன் அதிகாரபூர்வமான பெயர். அந்தப் பெயரைச் சொல்லி ஆட்டோ பிடித்தால் ஆட்டோக்காரர் விழிப்பார். 'நுமாயிஷ்' என்றால் போதும். கண்காட்சி என்பதற்கான உருதுச் சொல் அது. நகரத்துக்கு வெளியிலிருந்து வருபவர்களில் பலர் இது அரசாங்கத்தின் ஏற்பாடு என்றே நினைக்கிறார்கள். அப்படி நினைப்பதற்குக் காரணமும் இருக்கிறது. மாநில அமைச்சர் ஒருவர் இதன் தலைவராக இருப்பது வழக்கம். ஆளுநரோ முதல்வரோ அமைச்சரோ வந்து திறந்துவைக்கிறார்கள். ஆனால் நுமாயிஷை நடத்துவது அரசு அல்ல. நிகழ்ச்சிகளை ஒப்பந்தத்துக்கு எடுத்து நடத்தும் கம்பெனியும் அல்ல. எக்ஸிபிஷன் சொசைட்டி என்கிற, உறுப்பினர்களைக் கொண்ட ஒரு சங்கம். அதன் பொறுப்பாளர்கள் கௌரவப் பதவி வகிப்பவர்கள்.

ஆண்டு விழாவுக்கு நூறு நாற்காலி போட்டு அறுபதை நிரப்பவே திணறும் சங்கங்கள் இந்தியா முழுக்க உண்டு. ஒரு சங்கம் நாற்பத்தாறு நாட்கள் தொடர்ந்து ஒரு விழாவை நடத்துகிறது, எண்பது தடவைக்கு மேல் நடத்திவிட்டது என்றால் அது எப்படி என்று கேட்கத் தோன்றும்.

கணக்கெடுக்கப் பணம் இல்லை

பதில் 1930களின் நிஜாம் ராஜ்யத்தில் இருக்கிறது. உருதுவைப் பயிற்று மொழியாகக் கொண்டு 1918இல் தொடங்கப்பட்ட உஸ்மானியா பல்கலைக்கழகத்திலிருந்து பட்டம் பெற்று வெளியே வந்த இளைஞர்கள் தங்களுக்கென ஒரு சங்கம் வைத்திருந்தார்கள். வேலை தேடும் சங்கமாகவோ ஆண்டுக்கொரு விருந்து சாப்பிடும் சங்கமாகவோ இருந்துவிடாமல், ராஜ்யத்தின் பொருளாதார நிலை குறித்து முறையான ஆய்வு ஒன்று நடத்த வேண்டும் என்று அதன் பொருளாதாரக் குழு ஆசைப்பட்டது. எந்த மாவட்டத்தில் என்ன விளைகிறது, என்ன தயாராகிறது, எந்தக் கைத்தொழில் நசிந்துகொண்டிருக்கிறது என்று கணக்கெடுக்கும் ஆசை. அதற்குப் பணம் தேவைப்பட்டது. பணம் இல்லை.

உள்ளூரில் தயாராகும் பொருட்களை ஓரிடத்தில் காட்சிக்கு வைத்து, அதில் வரும் வருமானத்தில் ஆய்வை நடத்தலாம் என்ற யோசனை அப்போதுதான் பிறந்தது. 'நுமாயிஷ் மஸ்னுவாத்-ஏ-முல்கி' என்று பெயர் வைத்தார்கள். உள்நாட்டு உற்பத்திப் பொருட்களின் கண்காட்சி என்று பொருள். கையில் இருந்த முதலீடு இரண்டு ரூபாய் ஐம்பது காசு என்பது சொசைட்டியின் வரலாற்றில் திரும்பத் திரும்பச் சொல்லப்படும் தகவல். (ஹைதராபாத் ராஜ்யத்துக்கு அப்போது தனி நாணயமே இருந்தது. அதில் காசுக் கணக்கு இல்லை, அணாக் கணக்குதான். எனவே இரண்டரை ரூபாய் என்று சொல்வதே சரி.)

1938இல் பொதுத் தோட்டத்தில், அந்த நாள் பெயரில் பாக்-ஏ-ஆமில், நிஜாம் மீர் உஸ்மான் அலி கான் முதல் கண்காட்சியைத் திறந்துவைத்தார். சுமார் நூறு கடைகள். பத்து நாட்கள்.

இந்தத் தொடக்கத்தில் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. விழா எடுக்க வேண்டும் என்று முடிவு செய்துவிட்டு அதற்கொரு காரணத்தைத் தேடவில்லை அவர்கள். காரியம் முதலில் வந்தது. அதற்கான கருவியாகத்தான் விழா வந்தது. இன்று பெரும்பாலான சங்கங்களின் செயற்குழுவில் நடப்பது இதற்கு நேர் எதிர். போன வருடம் ஆண்டு விழா நடத்தினோம், ஆகையால் இந்த வருடமும் நடத்த வேண்டும். யாரைத் தலைமை தாங்க அழைப்பது, யாருக்குப் பொன்னாடை, நினைவுப் பரிசு பித்தளையிலா மரத்திலா என்பதில் மூன்று கூட்டங்கள் கழியும். எதற்காக விழா என்று கேட்கும் உறுப்பினரை மற்றவர்கள் விநோதமாகப் பார்ப்பார்கள்.

மிர்சா கொடுத்த மைதானம்

சில ஆண்டுகளிலேயே பொதுத் தோட்டம் போதவில்லை. 1946இல் கண்காட்சி நாம்பள்ளியில் இப்போதிருக்கும் இருபது ஏக்கருக்கும் அதிகமான மைதானத்துக்கு மாறியது. இடம் கிடைக்க உதவியவர் அப்போது ஹைதராபாதின் பிரதமராக இருந்த சர் மிர்சா இஸ்மாயில். 1926 முதல் 1941 வரை மைசூரில் திவானாக இருந்தவர். பிறகு ஜெய்ப்பூருக்குப் போனார். அங்கே முக்கியமான கடைத்தெரு ஒன்று இன்றும் அவர் பெயரில் எம்.ஐ. ரோடு என்று வழங்குகிறது. ஹைதராபாதில் அவர் நீடித்தது ஓராண்டுகூட இல்லை. அந்தக் குறுகிய காலத்துக்குள் ஒரு சங்கம் அவரைப் பிடித்து நிலத்தைப் பெற்றுவிட்டது சாமர்த்தியம்தான்.

நிரந்தரமான இடம் என்பது ஒரு சங்கத்துக்கு எவ்வளவு பெரிய சொத்து என்பதைச் சென்னைக்காரர்களிடம் கேட்டால் சொல்வார்கள். தென்னிந்தியப் புத்தக விற்பனையாளர் மற்றும் பதிப்பாளர் சங்கமான பபாசி 1977இல் அண்ணா சாலை மதரஸா-ஏ-ஆஜம் பள்ளியில் சிறிய அளவில் தொடங்கிய சென்னைப் புத்தகக் காட்சி, காயிதே மில்லத் கல்லூரி, பூந்தமல்லி நெடுஞ்சாலை செயின்ட் ஜார்ஜ் பள்ளி, நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. என்று இடம் மாறிக்கொண்டே வளர்ந்தது. ஒவ்வொரு மாற்றத்தின்போதும் பழைய வாசகரைப் புதிய இடத்துக்கு வரவழைக்கும் வேலையை முதலிலிருந்து செய்ய வேண்டியிருந்தது. ஜனவரி, பொங்கல் விடுமுறை, சங்கத்தின் நிர்வாகம், குறைந்த நுழைவுக் கட்டணம் என்று நுமாயிஷுடன் அதற்கு ஒற்றுமைகள் பல. இடம் விஷயத்தில் மட்டும் ஹைதராபாத் கொடுத்துவைத்தது.

மைதானம் கிடைத்த கையோடு சோதனையும் வந்தது. தேசப் பிரிவினை, ரஜாக்கர்களின் அட்டூழியம், 1948 செப்டம்பரில் ராணுவ நடவடிக்கை, ராஜ்யம் இந்திய யூனியனுடன் இணைப்பு. 1947இலும் 1948இலும் கண்காட்சி இல்லை. நிஜாம் திறந்துவைத்த ஒரு நிகழ்ச்சி, நிஜாமின் ஆட்சி போன பிறகு என்ன ஆகும்? அத்தோடு முடிந்துபோயிருக்கலாம். முடியவில்லை. 1949இல் மீண்டும் தொடங்கியபோது திறந்துவைத்தவர் இந்தியாவின் கவர்னர் ஜெனரலாக இருந்த ராஜாஜி. 'அகில இந்திய' என்ற அடைமொழி சேர்ந்ததும் அப்போதுதான். 'முல்கி' கண்காட்சி ஒரே தாவலில் தேசியக் கண்காட்சி ஆயிற்று. ஆட்சி மாறும்போது தன் பெயரை மாற்றிக்கொள்ளலாம், தன் காரியத்தை மாற்றிக்கொள்ள வேண்டியதில்லை என்பதை அந்தப் பட்டதாரிகள் புரிந்துகொண்டிருந்தார்கள். ஆந்திரப் பிரதேசம் உருவான 1956க்கும் தெலங்கானா பிறந்த 2014க்கும் அந்தச் சிரமம்கூட இருக்கவில்லை.

நாளைப் பிடித்துவைத்தது

பத்து நாட்கள் என்பது பதினைந்தாகி, மேலும் நீண்டு, ஜனவரி 1 முதல் பிப்ரவரி 15 வரை என்று நிலைபெற்றது. அழைப்பிதழ் தேவைப்படாத விழா இது. ஊரில் எல்லோருக்கும் தேதி தெரியும். காஷ்மீரத்து வியாபாரிக்கும் தெரியும்; அவர் சரக்கைச் சேர்ப்பதும் ரயில் டிக்கெட் எடுப்பதும் அந்தத் தேதியை வைத்துத்தான்.

தேதியைத் தேர்ந்தெடுத்ததிலும் கணக்கு இருக்கிறது. தக்காணத்தில் மழை பெய்யாத, வெயில் தாக்காத வாரங்கள் இவை. புத்தாண்டு, சங்கராந்தி, குடியரசு தினம் மூன்றும் உள்ளே வந்துவிடுகின்றன. அறுவடை முடிந்து கிராமத்துக்காரர் கையில் கொஞ்சம் பணம் இருக்கும். பள்ளி, கல்லூரி இறுதித் தேர்வுகள் நெருங்குவதற்குள் முடிந்துவிடும். மண்டபம் கிடைத்த தேதியில் விழாவை வைத்துக்கொள்ளும் சங்கச் செயலாளர்கள் இந்த வரியைத் திரும்ப ஒரு முறை படிக்கலாம்.

பெண்களுக்கென ஒரு நாளை ஒதுக்கும் வழக்கம் இன்னொரு நல்ல யோசனை. அன்று ஆண்களுக்கு அனுமதி இல்லை. பர்தா முறை கெட்டியாக இருந்த நகரத்தில், கூட்டத்துக்குள் போகவே தயங்கிய பெண்கள் தைரியமாக வந்து கடை கடையாக ஏறி இறங்கி, பேரம் பேசி, ராட்டினம் சுற்றிவிட்டுப் போக இது வழிசெய்தது. வீட்டுக்கு என்ன வாங்க வேண்டும் என்று தீர்மானிப்பவர் யார் என்பது வியாபாரிகளுக்குத் தெரியாதா என்ன? இன்று பெண்கள் எல்லா நாளும் வருகிறார்கள். ஆனாலும் அந்த ஒரு நாள் நீடிக்கிறது. குழந்தைகளுக்கும் தனியே ஒரு நாள் உண்டு. உருதுக் கவிஞர்களைக் கூட்டி முஷாயிரா நடத்தும் வழக்கமும் இருக்கிறது. சால்வை வாங்க வந்தவர் கஜல் கேட்டுவிட்டுப் போவார். கஜல் கேட்க வந்தவர் சால்வையோடு போவார்.

கல்லாவில் விழும் பணம்

2025இல் நுழைவுக் கட்டணம் 40 ரூபாயிலிருந்து 50 ரூபாயாக உயர்ந்தது. நான்கு பேர் உள்ள குடும்பத்துக்கு 200 ரூபாய். ஒரு மாலைப் பொழுதைக் கழிக்க ஹைதராபாதில் இதைவிட மலிவான வழி அதிகம் இல்லை. கடைகளுக்கான வாடகை, ராட்டினம் போன்ற கேளிக்கைகள், விளம்பரம் ஆகியவை மற்ற வருமானங்கள். விருந்தினரின் நன்கொடையை நம்பி நடக்கும் விழாவுக்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் இங்கேதான். நன்கொடையாளர் ஒரு வருடம் கொடுப்பார், மறு வருடம் கைவிரிப்பார். டிக்கெட் வாங்கி வரும் ஆயிரக்கணக்கானவர்கள் அனைவரும் ஒரே நேரத்தில் கைவிரிக்க மாட்டார்கள்.

வருமானம் எங்கே போகிறது? இதற்கான பதில் மைதானத்தின் ஓரத்திலேயே நிற்கிறது. சரோஜினி நாயுடு வனிதா மகா வித்யாலயா, கமலா நேரு பெண்கள் பாலிடெக்னிக் ஆகியவை எக்ஸிபிஷன் சொசைட்டி நடத்தும் நிறுவனங்கள். ஹைதராபாதிலும் தெலங்கானாவின் மற்ற ஊர்களிலுமாக ஏறக்குறைய இருபது கல்வி நிறுவனங்களை அது நடத்துகிறது. பல, பெண்களுக்கானவை. பொருளாதார ஆய்வுக்குப் பணம் தேடப் போன பட்டதாரிகளின் உண்டியல், பெண் குழந்தைகளின் படிப்புக்கு உண்டியலாக மாறிய கதை இது. பிரஷர் குக்கரும் போர்வையும் வாங்கிவிட்டு வெளியேறுகிறவருக்குத் தான் ஒரு கல்லூரிக்குச் சந்தா கட்டியிருப்பது தெரியாது. தெரிந்தாலும் பேரம் பேசுவதைக் குறைத்துக்கொள்ள மாட்டார்.

உறுப்பினர் அமைப்பு இங்கேதான் பலம் பெறுகிறது. லாபம் உறுப்பினர்களின் சட்டைப் பைக்குப் போகாது என்பது தெளிவாக இருக்கும் வரை, சம்பளம் வாங்காமல் நாற்பத்தாறு இரவுகள் நின்று வேலை செய்ய ஆட்கள் கிடைப்பார்கள். கடை ஒதுக்கீடு, மின்சாரம், தண்ணீர், பாதுகாப்பு, விளம்பரம், கலை நிகழ்ச்சி என்று வேலைகள் கமிட்டிகளுக்குப் பிரிகின்றன. ஒருவரே எல்லாவற்றையும் தலையில் போட்டுக்கொள்ளும் சங்கங்களில் நடப்பது வேறு. அந்த ஒருவருக்குக் காய்ச்சல் வந்தால் விழாவுக்கே காய்ச்சல் வந்துவிடும்.

இருந்தாலும் இந்த அமைப்புக்கு ஒரு பலவீனம் இருக்கிறது. கௌரவப் பதவியில் இருப்பவர்கள் ஆண்டுக்கு ஆண்டு வெற்றியையே பார்த்துப் பழகியவர்கள். போன வருடம் ஒன்றும் ஆகவில்லை என்பதே இந்த வருடத்துக்கான பாதுகாப்பு ஏற்பாடாக மாறிவிடும் அபாயம் அவர்களுக்கு எப்போதும் உண்டு.

ஜனவரி 30, 2019

அன்று புதன்கிழமை. இரவு எட்டரை மணி வாக்கில் ஒரு கடையில் தீப்பிடித்தது. துணி, ரெக்சின், பிளாஸ்டிக், அட்டைப் பெட்டி என்று எரிவதற்கென்றே அடுக்கி வைத்ததுபோல் சரக்கு. ஒன்றோடொன்று ஒட்டிய கடைகள். மைதானத்தில் ஆயிரக்கணக்கான மக்கள். தீ வரிசை வரிசையாகத் தாவியது. சுமார் 300 கடைகள் சாம்பலாயின. புகையில் மூச்சுத் திணறியும் நெரிசலில் விழுந்தும் சிலர் காயமடைந்தார்கள். உயிர்ச்சேதம் இல்லை.

அந்தக் கடைசி வாக்கியத்தை எழுத முடிந்தது எவ்வளவு பெரிய விஷயம் என்பது தமிழ் வாசகர்களுக்குத் தெரியும். 1997 ஜூனில் தஞ்சைப் பெரிய கோவில் கும்பாபிஷேகத்தின்போது யாகசாலைப் பந்தலில் பிடித்த தீயிலும் நெரிசலிலும் 40க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். 2004 ஜனவரியில் ஸ்ரீரங்கம் கல்யாண மண்டபத்தில் கீற்றுப் பந்தல் எரிந்து மணமகன் உட்பட 50க்கும் மேற்பட்டோர் பலியானார்கள். 1995 டிசம்பரில் ஹரியானாவின் டப்வாலியில் ஒரு பள்ளியின் பரிசளிப்பு விழா. ஷாமியானாவில் தீப்பிடித்து, வெளியேற வழி போதாமல் 400க்கும் மேற்பட்டோர் மாண்டார்கள், பெரும்பாலும் குழந்தைகள். மூன்றுமே ஆசையாக ஏற்பாடு செய்யப்பட்ட விழாக்கள். யாரும் அலட்சியமாக இருக்க வேண்டும் என்று நினைத்து விழா எடுப்பதில்லை. அலங்காரத்துக்கு ஒரு கமிட்டி, சாப்பாட்டுக்கு ஒரு கமிட்டி போடுகிறவர்களுக்கு, தீப்பிடித்தால் மக்கள் எந்த வழியாக ஓடுவார்கள் என்று யோசிக்க ஒரு ஆள் போடத் தோன்றுவதில்லை, அவ்வளவுதான்.

நாம்பள்ளி தப்பித்ததற்குத் திறந்தவெளி மைதானம் ஒரு காரணம். சுவர் இல்லாத இடத்தில் மக்கள் சிதறி ஓட முடிந்தது. ஆனால் வியாபாரிகள் தப்பிக்கவில்லை. ஒரு பருவத்தின் முழுச் சரக்கையும் கடன் வாங்கி ஏற்றிக்கொண்டு வந்தவர்கள் அவர்கள். காஷ்மீரிலிருந்தும் உத்தரப் பிரதேசத்திலிருந்தும் வந்தவர்கள் மறுநாள் கரிக்குவியலுக்கு நடுவே உட்கார்ந்திருந்தார்கள். நஷ்ட ஈடு கேட்டுப் போராட்டம் நடந்தது. எரிந்த சரக்குக்கு யார் பொறுப்பு? கடையை வாடகைக்கு விட்ட சங்கமா, மின்சார இணைப்பைச் சரிபார்க்க வேண்டியவர்களா, இன்ஷூரன்ஸ் எடுக்காத வியாபாரியா? விழா நன்றாக நடக்கும் வருடங்களில் யாரும் கேட்காத கேள்விகள் இவை. கேட்டு, எழுதி, கையெழுத்து வாங்கி வைத்திருக்க வேண்டிய கேள்விகள்.

கண்காட்சி சில நாட்களில் மீண்டும் திறந்தது. ஆனால் விவகாரம் உயர் நீதிமன்றத்துக்குப் போனது. இவ்வளவு பெரிய கூட்டத்தைக் கூட்டுகிறவர்கள் தீயணைப்புத் துறை உள்ளிட்ட துறைகளின் சான்றுகளைப் பெற்றார்களா என்று பொதுநல வழக்கு கேட்டது. எண்பது ஆண்டுப் பாரம்பரியம் அந்தக் கேள்விக்குப் பதில் ஆகாது.

குறைத்ததால் பிழைத்தது

2020 நுமாயிஷுக்கு வந்தவர்கள் ஒரு மாறுதலைக் கண்டார்கள். கடைகள் குறைந்திருந்தன. நடைபாதைகள் அகலமாகியிருந்தன. மண்ணுக்கு அடியில் தண்ணீர்க் குழாய்கள் பதிக்கப்பட்டு, தொட்டிகள் கட்டப்பட்டு, தீயணைப்புக் குழாய் மாட்டும் இணைப்புகள் மைதானத்தில் ஆங்காங்கே முளைத்திருந்தன. அவசரத்தில் வெளியேறுவதற்கான வழிகள் ஒதுக்கப்பட்டன. அதன் பிறகு ஒவ்வொரு ஆண்டும் தீயணைப்புத் துறையின் தடையின்மைச் சான்று கைக்கு வருகிறதா என்பது திறப்பு விழா யார் கையால் என்பதைவிட முக்கியமான செய்தி ஆகிவிட்டது.

கடைகளைக் குறைத்தால் வாடகை குறையும். வாடகை குறைந்தால் கல்லூரிகளுக்குப் போகும் பணம் குறையும். எந்தச் சங்கத்தின் பொருளாளரும் விரும்பி எடுக்காத முடிவு. இருந்தும் கண்காட்சி பிழைத்திருப்பதற்கு இதுவே காரணம் என்று தாராளமாகச் சொல்லலாம். நகரத்தின் நடுவே இத்தனை கூட்டத்தைச் சேர்ப்பதே சரியா என்ற வாதம் முன்பும் உண்டு, தீக்குப் பிறகு அதற்கு வலு கூடியது. போக்குவரத்து நெரிசலில் சிக்கித் தவிக்கும் அக்கம்பக்கத்துக்காரர்களுக்கு இதில் நியாயமான குறை இருக்கிறது. அதற்குப் பாதி விடை மெட்ரோ ரயிலாக வந்தது. காந்தி பவன், நாம்பள்ளி நிலையங்கள் மைதானத்திலிருந்து நடக்கும் தூரத்தில் இருக்கின்றன. 2023இல் கண்காட்சிக்காகவே கடைசி ரயிலின் நேரம் நள்ளிரவு வரை நீட்டிக்கப்பட்டது. காரில் வருகிறவர்கள் மட்டும் இன்னும் திட்டிக்கொண்டே வருகிறார்கள்.

கெடுபிடிகள் தீயோடு நின்றுவிடவில்லை. 2007 ஆகஸ்டில் லும்பினி பூங்காவிலும் கோட்டியின் கோகுல் சாட் கடையிலும் குண்டுகள் வெடித்து 40க்கும் மேற்பட்டோர் உயிரிழந்த நகரம் இது. ஒரு மாலை நேரத்தில் குடும்பத்தோடு வெளியே வந்தவர்கள்தான் அந்த இரண்டு இடங்களிலும் இறந்தார்கள். கூட்டம் சேரும் இடத்தில் பையைத் திறந்து காட்டுவது ஹைதராபாத்வாசிக்கு எரிச்சலான காரியம் அல்ல.

இரண்டு நாள் கண்காட்சி

அடுத்த அடி எவரும் எதிர்பாராத திசையிலிருந்து வந்தது. கோவிட் காரணமாக 2021இல் நுமாயிஷே இல்லை. 2022 ஜனவரி 1 அன்று அப்போதைய தெலங்கானா ஆளுநர் தமிழிசை சௌந்தரராஜன் 81ஆவது கண்காட்சியைத் திறந்துவைத்தார். ராஜாஜிக்குப் பிறகு இன்னொரு தமிழர் கையால் திறப்பு என்று செகந்திராபாத் தமிழர்கள் மகிழ்ந்திருக்கக்கூடும். மகிழ்ச்சிக்கு ஆயுள் ஒரே நாள். ஒமைக்ரான் பரவலால் கூட்டம் கூடுவதற்கு அரசு கட்டுப்பாடு விதிக்க, ஜனவரி 2 அன்றே கண்காட்சி மூடப்பட்டது. அப்போதுதான் சரக்கைப் பிரித்து அடுக்கியிருந்த வியாபாரிகளுக்கு அதைத் திரும்பக் கட்டுவதா, காத்திருப்பதா என்று தெரியவில்லை. வெளி மாநிலத்திலிருந்து வந்தவருக்குக் காத்திருப்பது என்பது தங்கும் செலவு, வேலையாட்களின் சாப்பாட்டுச் செலவு. பிப்ரவரி இறுதியில் மீண்டும் அனுமதி கிடைத்தது. மார்ச் வெயிலில் காஷ்மீர் சால்வை விற்க நேர்ந்தவர்களின் சாமர்த்தியத்தை மெச்சத்தான் வேண்டும்.

அதே பருவத்தில் சென்னைப் புத்தகக் காட்சியும் ஜனவரியிலிருந்து பிப்ரவரி மத்திக்குத் தள்ளிப்போனது. பபாசிக்கு இது புதிதல்ல. 2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு 2016இன் காட்சியை ஜூன் மாதத்தில் தீவுத்திடலில் நடத்திய அனுபவம் அதற்கு இருந்தது. புத்தகம் வெயிலிலும் விற்கும், சால்வை விற்காது என்பது வேறு விஷயம். ஆனால் இரண்டு ஊர்களிலும் வாசகரும் வாடிக்கையாளரும் திரும்பி வந்தார்கள். பெரிய கம்பெனிகள் நடத்தும் வணிகக் கண்காட்சிகளுக்கு இல்லாத ஓர் அனுகூலம் இது. நிகழ்ச்சி தங்களுடையது என்று ஊர் நினைக்கிறது. 'இந்த வருடம் உண்டா, இல்லையா?' என்று விசாரிக்கிறது.

டெல்லி, மும்பை, பெங்களூர், கொல்கத்தா என்று தமிழ்ச் சங்கங்கள் இல்லாத பெருநகரம் இந்தியாவில் இல்லை. பலவற்றுக்குச் சொந்தக் கட்டடம் இருக்கிறது, பொங்கல் விழா இருக்கிறது, மேடையில் இடம் போதாத அளவுக்குப் பிரமுகர்கள் இருக்கிறார்கள். உறுப்பினர் பட்டியலும் நீளமானதுதான். ஆனால் சங்கத்தின் விழா எப்போது என்று ஊரில் உள்ள தமிழர் அல்லாதார் எவராவது விசாரித்ததுண்டா? உஸ்மானியா பட்டதாரிகள் முதல் ஆண்டிலிருந்தே கதவை உறுப்பினர்களுக்கு மட்டும் திறக்கவில்லை. சங்கத்தின் உள்ளே இருந்தவர்கள் சில நூறு பேர். டிக்கெட் வாங்கியவர்கள் ஊர்க்காரர்கள் எல்லோரும்.

2024 டிசம்பர் 26 அன்று முன்னாள் பிரதமர் மன்மோகன் சிங் மறைந்தார். ஜனவரி 1 வரை ஏழு நாள் தேசிய துக்கம். சொந்தத் தேதியில் பிடிவாதமாக இருக்கும் நுமாயிஷ் இந்த முறை விட்டுக்கொடுத்தது. 84ஆவது கண்காட்சி 2025 ஜனவரி 3 அன்று திறந்தது. மூடும் தேதியை பிப்ரவரி 15லிருந்து 17க்குத் தள்ளிவைத்தார்கள். நாற்பத்தாறு நாள் கணக்கில் ஒரு நாளும் குறையவில்லை.